அத்தியாயம் 8: சிறந்த ஆசிரியர் விருதுக்கு விண்ணப்பித்தல்

விருது அறிவிப்பு வெளியான பிறகு விண்ணப்பம் எழுத உட்காருபவர்களுக்குக் கடைசி வாரம் முழுவதும் சான்றிதழ் தேடுவதிலேயே போய்விடும். ஐந்து வருடங்களுக்கு முன் நடத்திய பயிலரங்கின் ஆணை எங்கே, பழைய பேட்ச் மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவங்கள் எந்த அலமாரியில் என்று அலைவார்கள். கடைசியில் கையில் கிடைத்ததையெல்லாம் பிடிஎஃப் ஆக்கிப் போர்ட்டலில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப் போகிற கோப்பில் ஆசிரியர் வகித்த பொறுப்புகள் எல்லாம் இருக்கும். அவருடைய வகுப்பறை மட்டும் இருக்காது.

மாணவர் என்ன கற்றார், அதற்கு இந்த ஆசிரியர் எப்படிக் காரணமானார் என்பதற்கான சான்றையே விருதுக்குழு தேடுகிறது. அந்தச் சான்றை விண்ணப்ப மாதத்தில் உருவாக்கிவிட முடியாது. ஒவ்வொரு செமஸ்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எப்படி எழுதுவது, யாரிடம் கடிதம் வாங்குவது, எந்த விருதைத் தொடவே கூடாது என்பதை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

எந்த விருது உங்களுக்கு உரியது?

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான விருதுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, நிறுவனத்துக்குள் தரப்படும் விருதுகள். சென்னை ஐஐடியில் ஸ்ரீமதி மார்ட்டி அன்னபூர்ணா குருநாத் பெயரில் சிறந்த கற்பித்தலுக்கான விருது தரப்படுகிறது. பம்பாய் ஐஐடியும் கற்பித்தலில் சிறந்தவர்களுக்கென்று தனி விருது வைத்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஆசிரியர் தினத்தையோ பட்டமளிப்பு விழாவையோ ஒட்டி இப்படிப்பட்ட விருதுகள் தரப்படுகின்றன. முதல் விண்ணப்பத்தை இங்கிருந்து தொடங்குவதே நல்லது. உங்களை அறிந்தவர்கள் படிக்கப்போகிற கோப்பு அது. அதைத் தயாரிக்கும்போதே உங்கள் சான்றுகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வகை, தேசிய அளவிலான கற்பித்தல் விருது. தேசிய ஆசிரியர் விருதுகள் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்டவை. நீண்ட காலம் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த விருது, 2023இல் உயர்கல்வி நிறுவனங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அந்த ஆண்டு விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வித் துறையினர். 2024இல் உயர்கல்வியிலிருந்து 16 பேர் தேர்வானார்கள். செப்டம்பர் 5 அன்று புதுதில்லியில் குடியரசுத் தலைவர் வழங்கும் இந்த விருதில் ரூ.50,000 ரொக்கம், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ் ஆகியவை உண்டு. மத்திய அரசின் விருதுகளுக்கான இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியர் தானே விண்ணப்பிக்கலாம். நிறுவனமோ சக ஆசிரியரோ பரிந்துரைக்கவும் வழி இருக்கிறது.

இந்த உயர்கல்விப் பிரிவுக்கு முழுநேர நிரந்தர ஆசிரியராகவும், இளநிலை அல்லது முதுநிலை வகுப்பில் குறைந்தது 5 ஆண்டுகள் கற்பித்தவராகவும், 55 வயதைத் தாண்டாதவராகவும் இருக்க வேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. துணைவேந்தர், இயக்குநர், முதல்வர் பதவியில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை முழுமையாகப் படித்த பிறகே படிவத்தைத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பக்கூடாது.

மூன்றாம் வகை, ஆய்வுக்கான விருதுகள். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயர் தாங்கிய விருது இன்று ராஷ்ட்ரிய விக்ஞான் புரஸ்கார் என்ற தேசிய அறிவியல் விருதுகளின் கீழ் இளம் விஞ்ஞானிகளுக்குத் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் தமிழ்நாடு விஞ்ஞானி விருதை வழங்குகிறது. இவற்றில் எடை போடப்படுவது கண்டுபிடிப்பும் அதன் பயனும். கற்பித்தல் விருதுக்குத் தயாரித்த கோப்பை இங்கே அனுப்புவதும், ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைக் கற்பித்தல் விருதுக்கு அனுப்புவதும் பயன் தராது. இரண்டிலும் உங்களுக்குத் தகுதி இருந்தால் இரண்டு கோப்புகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் கற்பித்தல் விருதைப் பற்றியது.

தேர்வுக்குழு எதைப் பார்க்கிறது?

தேசிய விருதின் உயர்கல்விப் பிரிவில் கற்பித்தலின் பயன், சமூகத்தோடு இணைந்த பணி, ஆய்வும் புதுமையும், நிதியுதவி பெற்ற ஆய்வு, ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள், ஆலோசனைப் பணி ஆகியவை மதிப்பிடப்படுகின்றன. இவற்றில் கற்பித்தலுக்கும் சமூகப் பணிக்குமே அதிக எடை. முதலில் ஒரு குழு விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கிறது. அதன் பிறகே நடுவர் குழு முடிவு செய்கிறது.

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் கற்பித்தல் ஃபெலோஷிப் திட்டம் இதைவிட வெளிப்படையாகக் கேட்கிறது. ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3 பேரைத்தான் முன்மொழியலாம். நாடு முழுவதும் அதிகபட்சம் 55 பேருக்குத்தான் கிடைக்கும். அங்கே நீண்ட காலம் மூன்று கேள்விகள் இருந்தன. உங்கள் மாணவர்களின் கற்றலில் நீங்கள் என்ன மாற்றம் கொண்டுவந்தீர்கள்? சக ஆசிரியர்களின் கற்பித்தலை எப்படி வளர்த்தீர்கள்? உங்களை நீங்களே எப்படி வளர்த்துக்கொண்டீர்கள்? எந்த நாட்டில், எந்தப் பெயரில் கற்பித்தல் விருது இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் கோப்பு தோற்றுப்போகாது. விண்ணப்பிக்கும் எண்ணம் இல்லாதவர்கள்கூட ஆண்டுக்கு ஒரு முறை இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம்.

நடுவர்கள் உங்கள் துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழிலக்கியம் கற்பிப்பவரின் கோப்பை ஒரு பொறியாளர் படிக்கலாம்; கணிதப் பேராசிரியரின் கோப்பை ஒரு வரலாற்றாசிரியர் படிக்கலாம். அவர்கள் மேசையில் உங்களுடையதைப் போல் இன்னும் பல கோப்புகள் இருக்கும். பக்கத்துத் துறை நண்பருக்குப் புரியாத வாக்கியம் நடுவருக்கும் புரியாது.

கற்பித்தல் கோப்பு

விருதுக்கான எல்லாச் சான்றுகளுக்கும் இருப்பிடம் கற்பித்தல் கோப்பு. கனடாவின் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 1980இல் இதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அமெரிக்காவில் பீட்டர் செல்டின் 1991இல் எழுதிய நூலுக்குப் பிறகு இது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. நம் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் ஃபைல் வைக்கும் வழக்கம் உண்டு. அதில் பாடத்திட்டம், கால அட்டவணை, லெசன் பிளான், வினாத்தாள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இருக்கும். கற்பித்தல் கோப்பில் இவற்றோடு ‘ஏன்’ என்பதும் இருக்க வேண்டும். இந்த அலகை ஏன் இப்படி நடத்தினேன், ஏன் மாற்றினேன், மாற்றிய பிறகு என்ன ஆனது?

கோப்பில் இருக்க வேண்டியவை இவை:

1. கற்பித்தல் குறித்த உங்கள் நிலைப்பாடு, ஒரு பக்கம். பொதுவான உயர்ந்த வாசகங்கள் வேண்டாம். உங்கள் மாணவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், உங்கள் பாடத்தில் எங்கே தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றத்துக்கு நீங்கள் செய்வது என்ன என்று எழுதுங்கள்.

2. நடத்திய பாடங்களின் பட்டியல். ஆண்டு, வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

3. நீங்களே உருவாக்கிய கற்பித்தல் பொருள்களில் சிறந்த மூன்று அல்லது நான்கு. எல்லாவற்றையும் போட வேண்டாம்.

4. மாணவர் விடைத்தாள் அல்லது பயிற்சித்தாள் மாதிரிகள். ஒரே மாணவர் செமஸ்டர் தொடக்கத்தில் எழுதியதும் முடிவில் எழுதியதும் அருகருகே இருந்தால் அதைவிட வலுவான சான்று கிடையாது. மாணவரின் ஒப்புதல் வாங்கி, பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துவிட்டு வையுங்கள்.

5. மாணவர் கருத்துகளின் தொகுப்பு. அதன் அடிப்படையில் நீங்கள் செய்த மாற்றங்கள்.

6. உங்கள் வகுப்பை வந்து பார்த்த சக ஆசிரியரின் குறிப்பு.

7. கல்லூரிக்கு வெளியே செய்த பணி: பாடநூல் ஆக்கம், பிற கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கிராமத்துப் பள்ளிகளுக்குச் செய்த உதவி.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு அலகு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு வரி எழுதினால் போதும். எது புரிந்தது, எது புரியவில்லை, மாணவர் கேட்ட நல்ல கேள்வி எது, அடுத்த ஆண்டு எதை மாற்றுவேன்? ஒரு பாடத்துக்கு ஐந்து அலகு என்றால் ஆண்டு முடிவில் இந்தக் குறிப்புகளே ஒரு கட்டுரைக்குப் போதுமான பொருளாகிவிடும். தேதி போட மறக்காதீர்கள். தேதி இல்லாத குறிப்பு சான்று ஆகாது.

மாணவர் கருத்தை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான விண்ணப்பங்களில் ‘மாணவர் மதிப்பீடு 5க்கு 4.8’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். இது மட்டும் போதாது. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, கல்வியாளர்கள் அமர்ந்திருந்த அரங்கில் பேச வைத்தார்கள். பேச்சில் சாரமே கிடையாது. முரண்பாடுகள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தன. ஆனாலும் கேட்டவர்கள் பேச்சை உயர்வாகவே மதிப்பிட்டார்கள். 1973இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பேச்சின் கவர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்திவிடும் என்பது இதன் பாடம்.

வேறொரு சிக்கலும் உண்டு. 2015இல் வெளியான ஒரு ஆய்வில், இணையவழிப் பாடம் நடத்திய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் அடையாளத்தை மாற்றிக்கொண்டும் வகுப்பெடுத்தார்கள். உண்மையில் யார் நடத்தினாலும், ஆண் என்று மாணவர்கள் நம்பிய ஆசிரியருக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எண்ணை மட்டும் வைத்து ஆசிரியர்களை ஒப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டுகிறது.

ஆகவே எண்ணோடு மூன்று விவரங்களைச் சேருங்கள். வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பது முதல் விவரம். 60 பேரில் 12 பேர் மட்டும் பதில் தந்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். நடுவர் உங்களை நம்பத் தொடங்குவதே அந்த நேர்மையில்தான். இரண்டாவது, தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கான போக்கு. மூன்றாவது, மாணவர்கள் சொந்த வார்த்தையில் எழுதியவை. ‘மேடம் நன்றாக நடத்துவார்’ என்ற வரியால் பயனில்லை. ‘முன்பு சூத்திரத்தை மனப்பாடம் செய்வேன், இப்போது அது எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பார்க்கிறேன்’ என்ற வரிதான் பேசும். குறை சொன்ன மாணவரின் கருத்தையும் எடுத்து, அதற்காக நீங்கள் செய்த மாற்றத்தைக் காட்டினால் கோப்பின் மதிப்பு கூடும்.

செமஸ்டர் முடிவில் மட்டும் கருத்துக் கேட்பது தாமதம். ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதாமல் கேளுங்கள்: எது உதவுகிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது? மறுநாள் வகுப்பில் பதில் சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளும் உங்கள் பதிலும் கோப்புக்குப் போகட்டும்.

கற்றலை அளந்து காட்டுதல்

தேர்ச்சி விகிதம் 100 சதவீதம் என்று எழுதுவது வழக்கம். நுழையும்போதே நல்ல மதிப்பெண் எடுத்த மாணவர்கள் நிறைந்த கல்லூரியில் அது ஆசிரியரின் திறமைக்குச் சான்றாகாது. அதேபோல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் படிக்கும் அரசுக் கல்லூரியில் 70 சதவீதத் தேர்ச்சி பெரும் சாதனையாக இருக்கலாம். எங்கிருந்து எங்கே கொண்டுவந்தீர்கள் என்பதே கேள்வி.

இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. இயற்பியல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை வைத்து இதைப் பிரபலமாக்கினார். பாடம் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்த பிறகு அதே தரத்தில் ஒரு தேர்வு. கூடிய மதிப்பெண்ணை, கூடியிருக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். முன்தேர்வின் சராசரி 35, பின்தேர்வின் சராசரி 61 என்று வைத்துக்கொள்வோம். கூடியது 26. கூடியிருக்கக்கூடியது 100 கழித்தல் 35, அதாவது 65. 26ஐ 65ஆல் வகுத்தால் 0.40. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் இது சராசரியாக 0.23 என்றும், மாணவர்கள் பேசி, விவாதித்து, கணித்துப் பார்த்துக் கற்ற வகுப்புகளில் 0.48 என்றும் ஹேக் கண்டார். இயந்திரவியல் பாடத்துக்கான அந்த எண்களை எல்லாப் பாடத்துக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. உங்கள் பாடத்தில் போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று உங்களோடு நீங்களே ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

இலக்கியம், வரலாறு போன்ற பாடங்களுக்கு எண் ஒத்துவராவிட்டால் மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். மாணவர் தன் கருத்தைத் தெளிவாக முன்வைக்கிறாரா, பாடப்பகுதியிலிருந்து ஆதாரம் தருகிறாரா, மாற்றுக் கருத்தைக் கணக்கில் எடுக்கிறாரா என்று முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் ஒரே அளவுகோலால் திருத்துங்கள். இன்னொரு ஆசிரியரிடமும் சில தாள்களைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் நம்பகத்தன்மை கூடும்.

எழுதும் முறை: ஒரே பணி, இரண்டு பத்திகள்

ஒரு வேதியியல் ஆசிரியரை வைத்து ஓர் எடுத்துக்காட்டு. அவர் இப்படி எழுதுகிறார்:

‘நான் கடந்த 14 ஆண்டுகளாக மிகுந்த ஈடுபாட்டுடன் பணியாற்றி வருகிறேன். புதுமையான கற்பித்தல் முறைகளைப் பயன்படுத்தி மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுகிறேன். 22 கருத்தரங்குகளில் பங்கேற்றுள்ளேன். மாணவர்களின் முழுமையான வளர்ச்சிக்காக அயராது உழைக்கிறேன்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊரில், எந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரும் இதே பத்தியைக் கையெழுத்திட்டு அனுப்பலாம். அதே ஆசிரியர் அதே பணியை இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

‘இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்கள் லேபில் டைட்ரேஷன் அளவுகளைச் சரியாக எடுத்தார்கள். ஆனால் அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் டைட்ரேட் செய்யும்போது ஏன் மெத்தில் ஆரஞ்சு, ஏன் பினாஃப்தலின் ஆகாது என்று கேட்டால் பெரும்பாலானோருக்குப் பதில் தெரியவில்லை. ரெகார்டு நோட்டில் இருந்ததைப் பின்பற்றினார்கள். அதனால் செய்முறைக்கு முன் 15 நிமிடம் ஒதுக்கினேன். ஒவ்வொருவரும் அந்த வினைக்கான பிஎச் வளைகோட்டைத் தாங்களே வரைந்து, இரண்டு இண்டிகேட்டர்களும் நிறம் மாறும் எல்லையை அதில் குறித்து, எது பொருந்தும் என்று காரணத்தோடு எழுதிய பிறகே பியூரெட்டைத் தொட அனுமதித்தேன். பழைய முறையில் படித்த பேட்ச் முன்தேர்வில் 35, பின்தேர்வில் 46 எடுத்தது. புதிய முறையில் படித்த 48 பேர் 35இலிருந்து 61க்கு உயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மற்ற இரண்டு லேப் பிரிவுகளின் ஆசிரியர்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள்.’

இரண்டாவது பத்தியில் ‘புதுமை’ என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கு அது தானாகத் தெரிகிறது. அதன் வரிசையைக் கவனியுங்கள். மாணவரின் சிக்கல், ஆசிரியர் செய்தது, விளைவு, அது பிறருக்குப் பரவியது. இந்த நான்கு படிகளில் உங்கள் பணியில் மூன்று நிகழ்வுகளை எழுதிவிட்டால் விண்ணப்பத்தின் உடல் தயார். பதின்மூன்று பணிகளைத் தொட்டுச் செல்வதைவிட மூன்றை முழுமையாகச் சொல்வது மேல்.

சொல் வரம்பைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். 500 சொற்கள் என்றால் 480இல் நிறுத்துங்கள். ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் ‘இணைப்பு 4, பக்கம் 2’ என்று சான்றின் இடத்தைக் குறியுங்கள். சான்று இல்லாத கூற்றை நீக்கிவிடுங்கள். எத்தனை ஆசையாக எழுதியிருந்தாலும் சரி.

பரிந்துரைக் கடிதங்கள்

பெரிய பதவியில் இருப்பவரின் கடிதத்தைவிட உங்கள் வகுப்பை நேரில் பார்த்தவரின் கடிதம்தான் உதவும். துணைவேந்தர் ஒரு வரியில் ‘கடின உழைப்பாளி’ என்று எழுதுவதைவிட, பக்கத்து வகுப்பறையில் பத்து வருடம் பாடம் நடத்திய சக ஆசிரியர் ஒரு நிகழ்ச்சியை விவரித்து எழுதுவது மேல்.

முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம். படித்து முடித்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆனவர்கள், அந்தப் பாடம் தங்கள் வேலையில் எப்படிக் கைகொடுத்தது என்று சொல்ல முடியும். இப்போது உங்கள் வகுப்பில் படிக்கும் மாணவரிடம் கடிதம் கேட்காதீர்கள். இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் மறுக்க முடியாது. அந்தக் கடிதத்துக்கு மதிப்பும் இருக்காது.

கடிதம் தருபவருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். விருதின் விதிகளையும் உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரைவையும் அனுப்பி, எதைப் பற்றி அவர் எழுதினால் உதவும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து மட்டும் வாங்குவது தவறு. மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பணம் கேட்கும் விருதுகள்

நாக் மதிப்பீட்டில் ஆசிரியர்கள் பெற்ற விருதுகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டதால், கல்லூரிகள் ஆசிரியர்களிடம் விருது விவரம் கேட்டு நெருக்கத் தொடங்கின. அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ளும் வணிகம் ஒன்று வளர்ந்திருக்கிறது. ‘சிறந்த பேராசிரியர்’, ‘வாழ்நாள் சாதனையாளர்’, ‘சர்வதேச இளம் ஆய்வாளர்’ என்று மின்னஞ்சல் வரும். நீங்கள் விண்ணப்பித்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் தேர்வாகியிருப்பீர்கள். பதிவுக் கட்டணம், கேடயக் கட்டணம், விழாக் கட்டணம் என்று பணம் கட்டச் சொல்வார்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்:

- விருது பெற நீங்கள் பணம் கட்ட வேண்டும்.
- தேர்வு விதிகளோ நடுவர்களின் பெயர்களோ வெளியிடப்படவில்லை.
- ஒரே விழாவில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே விருது.
- விருது தரும் அமைப்புக்கு விருது தருவதைத் தவிர வேறு கல்விப் பணி எதுவும் இல்லை.

இப்படி வாங்கிய கேடயம் தேசிய விருதுக்கான கோப்பில் இடம்பெற்றால், உண்மையான சான்றுகளின் மீதும் சந்தேகம் விழும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சுயவிவரத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கால அட்டவணை

தேசிய விருது செப்டம்பர் 5இல் வழங்கப்படுவதால் விண்ணப்ப அறிவிப்பு அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். ஆண்டு முழுவதையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை: முன்தேர்வு வையுங்கள். இந்த ஆண்டு எந்த ஒரு பாடத்தில் மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: இடைக்காலக் கருத்துச் சீட்டு. சக ஆசிரியரை வகுப்புக்கு அழையுங்கள்.

நவம்பர், டிசம்பர்: பின்தேர்வு, கணக்கு, ஒரு பக்கக் குறிப்பு.

ஜனவரி முதல் மார்ச் வரை: கோப்பை ஒழுங்குபடுத்துங்கள். பழைய ஆணைகளையும் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து, ஆண்டு வாரியாகப் பெயரிட்டுச் சேமியுங்கள்.

ஏப்ரல்: மூன்று நிகழ்வுகளையும் எழுதி முடித்து, வேறு துறை நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். கடிதங்களுக்குக் கேளுங்கள்.

அறிவிப்பு வந்ததும்: விதிகளைப் படித்து, தயாராக இருக்கும் பொருளை அதற்கேற்பத் திருத்துங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். நிறுவனத் தலைவரின் கையொப்பம் தேவைப்பட்டால் அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

துறைத்தலைவர்களுக்கும் முதல்வர்களுக்கும்

நல்ல ஆசிரியர்கள் பலர் தாமாக விண்ணப்பிக்க மாட்டார்கள். தன்னைப் பற்றித் தானே எழுதுவது அவர்களுக்குக் கூச்சம். அவர்களை அடையாளம் கண்டு முன்மொழிவது உங்கள் கடமை. கல்லூரியில் ஏற்கெனவே இயங்கும் உள்தர உறுதிக் குழு இந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரைத் தன் கற்பித்தல் கோப்பைப் பற்றி அனைத்து ஆசிரியர்கள் முன்னிலையிலும் பேச வைத்தாலே போதும். தயாரானவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

உங்கள் கல்லூரியிலேயே விருது தொடங்குவதாக இருந்தால் விதிகளை எழுத்தில் வெளியிடுங்கள். எதை மதிப்பிடுகிறோம், அதற்கு என்ன சான்று வேண்டும், எந்தத் தரத்தைச் சிறப்பு என்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நடுவர்களில் வெளியாள் ஒருவராவது இருக்கட்டும். பணி மூப்பு வரிசையில் ஆளுக்கொரு ஆண்டு என்று சுற்றிவிடும் விருதால் யாருக்கும் பெருமை இல்லை. கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அவர்களின் கற்பித்தல் மேம்பட அந்த இரண்டு வரி உதவும்.

ஒப்பந்த ஆசிரியர்களையும் கௌரவ விரிவுரையாளர்களையும் கல்லூரி விருதுகளிலிருந்து ஒதுக்காதீர்கள். பல அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் சுமையை அவர்கள்தான் தாங்குகிறார்கள். தேசிய விருதின் விதி நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும் என்று இருக்கலாம். உங்கள் கல்லூரியின் விதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் சரிபாருங்கள்

- வயது, பணிக்காலம், பதவி ஆகிய தகுதிகள் இந்த ஆண்டு அறிவிக்கையோடு பொருந்துகின்றனவா?
- ஒவ்வொரு நிகழ்விலும் சிக்கல், செயல், விளைவு, பரவல் நான்கும் உள்ளனவா?
- ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டும் மாணவர் எண்ணிக்கையும் உள்ளனவா?
- மாணவர் அடையாளங்கள் மறைக்கப்பட்டுள்ளனவா?
- குழுவாகச் செய்த பணியில் மற்றவர்களின் பங்கைச் சொல்லியிருக்கிறீர்களா?
- வேறு துறை நண்பர் ஒருவராவது முழுவதும் படித்தாரா?

விருது கிடைத்தால் அந்தக் கோப்பைத் துறை நூலகத்தில் வையுங்கள்; இளம் ஆசிரியர்களுக்கு அது பாடநூலாக இருக்கும். கிடைக்காவிட்டால் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பதவி உயர்வுக்கும் நாக் ஆய்வுக்கும் அதே சான்றுகள் பயன்படும்; அடுத்த ஆண்டு விண்ணப்பம் பாதி எழுதப்பட்டதாகவே இருக்கும். தேசிய விருதின் உயர்கல்விப் பிரிவில் ஆண்டுக்குச் சிலருக்கே கிடைக்கும் விருது இது. கிடைக்காததால் நீங்கள் நல்ல ஆசிரியர் இல்லை என்று ஆகிவிடாது.

முன்தேர்வு வைத்து, மாணவரிடம் கருத்துக் கேட்டு, சக ஆசிரியரை வகுப்புக்கு அழைத்து, தவறிய இடத்தைத் திருத்திக்கொண்ட ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்த மாணவருக்குப் பலன் அந்த ஆண்டே கிடைத்துவிடுகிறது. அதனால் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்ற முடிவை ஏப்ரல் வரை தள்ளிப்போடுங்கள். கோப்பை மட்டும் இந்த செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.